பந்தயமும் மனப் பதற்றமும்



கற்பிட்டிக் குடாநாட்டில் உள்ள எத்தாளையிலே, சோளகக் காற்று வீசுங் காலத்தில் வள்ளத்தைக் கரை சேர்ப்பவனைக் கவனித்திருக்கிறீர்களா? வள்ளத்தின் முகம் நோக்கும் திசை ஒன்று. அது செல்லும் திசை மற்றொன்று. காற்று பக்கவாட்டில் தள்ளும் அளவைக் கணக்கிட்டே அவன் சுக்கான் பிடிக்கிறான். இதனையொத்த வித்தையை மோட்டார் வண்டியைக் கொண்டு நிலத்திலே செய்வோரும் உளர். 'டிரிஃப்ட்' எனப்படும் சறுக்கோட்டம் அதுவே. பின்சில்லுகள் பிடியிழந்து வழுக்க, முன்சில்லுகளை எதிர்ப்புறந் திருப்பி, வண்டியைக் குறுக்காகவே வளைவிற் செலுத்துவர்.

என்னிடம் பயின்ற ஒருவர் வளைகுடா நாடொன்றிலே தொழில் பார்க்கிறார். ஓய்வு நாட்களில் இத்தகைய போட்டிகளிலே பொழுதுபோக்காகக் கலந்துகொள்பவர். விடுமுறையில் ஊர் வந்தவர் என்னிடம் சொன்னார்: "சேர், தனியே பழகும்போது ஒரு பிழையும் வராது. போட்டியன்று பெயரைக் கூப்பிட்டவுடன் கை விறைத்துப் போகிறது. நான் கோழையா?"

வரலாறு கற்பிப்பவன் நான். எனவே அவ்வினாவுக்கு விடையையும் வரலாற்றிலேயே தேடினேன்.

சறுக்கோட்டம் யப்பானிலே வளர்ந்தது. 1961 ஆம் ஆண்டிலே உலக மோட்டார்ச் சைக்கிள் பந்தயத்தில் வென்ற முதல் யப்பானியரான குனிமிட்சு தகஹாஷி, பின்னர் கார்ப் பந்தயத்துக்கு மாறி, 1970களிலே வளைவுகளைச் சறுக்கியே கடந்து காட்டினார். அவரைக் கண்டு மயங்கிய இளைஞர் கெய்ச்சி ட்சுச்சியா, மலைப் பாதைகளிலே அதனைப் பழகி, 1987 இல் வெளிவந்த ஒரு வீடியோப் படத்தினால் நாடறியச் செய்தார். 2001 இல் அது முறையான தொடர்ப் போட்டியாயிற்று.

ஏனைய பந்தயங்களில் தீர்ப்பளிப்பது கடிகாரம். சறுக்கோட்டத்திலோ தீர்ப்பளிப்போர் மனிதர். வண்டி சென்ற பாதை, சாய்ந்த கோணம், வேகம், நயம் ஆகியவற்றை நோக்கி அவர்கள் புள்ளியிடுவர். முதலில் தனியோட்டம்; பின்னர் இருவர் ஒருமித்து ஓட, முன்னவனைப் பின்னவன் ஒட்டித் தொடர வேண்டும். ஆகவே போட்டியாளன் பிறர் கண்களுக்கு முன்னே நிறுத்தப்படுகிறான். பேச்சுப் போட்டி மேடையில் ஏறிய மாணவனின் நிலையே இது. பொழுதுபோக்காக ஓடுபவனுக்கு வேறொரு சுமையும் உண்டு. வண்டி அவனுடையது, டயர் தேய்வதும் இயந்திரம் பழுதாவதும் அவன் சம்பளத்திலே. மறுநாட் காலையில் அவன் வேலைக்கும் போகவேண்டும்.

இனி, உளநூலார் கண்டதைப் பார்ப்போம். 1898 இல் நோர்மன் டிரிப்லெட் என்னும் அமெரிக்கர், துவிச்சக்கரவண்டி ஓட்டுவோர் தனித்து ஓடுவதிலும் பிறருடன் ஓடும்போது விரைவதைக் கண்டார். தூண்டிற் கயிறு சுற்றும் பொறியைச் சிறுவர் 40 பேரிடம் கொடுத்துச் சோதித்தார். போட்டியிலே ஏறத்தாழ அரைவாசிப்பேர் விரைந்தனர், கால்வாசிப்பேரிடம் மாற்றமில்லை, எஞ்சிய கால்வாசிப்பேர் பதற்றத்தினாற் பின்தங்கினர். போட்டி எல்லோரையும் ஒரே விதமாகத் தூண்டுவதில்லை என்பது அன்றே தெரிந்தது.

பின்னர் ஹாவாட் பல்கலைக்கழகத்து உடற்றொழிலியலறிஞர் வோல்ற்றர் கனன், உதைபந்தாட்ட வீரர் 25 பேரைப் பெரியதோர் ஆட்டத்தின் பின் சோதித்தார். கிளர்ச்சியின் அடையாளமாகிய வெல்லம் 12 பேரின் சிறுநீரிற் காணப்பட்டது. அவர்களுள் ஐவர் களத்தில் இறங்காது வாங்கிலே காத்திருந்த மாற்று வீரர்! ஆர்வமிக்க பார்வையாளர் ஒருவரிடத்தும் அது காணப்பட்டது. காத்திருப்பதும் உடலுக்கு ஓர் ஓட்டமே என்பதற்கு இதனினுஞ் சான்று வேண்டுமோ?

1908 இல் யேர்க்சும் டொட்சனும் எலிகளை வைத்து ஆராய்ந்து, ஓரளவு தூண்டுதல் நன்மை தருமென்றும், செய்யும் பணி கடினமாக இருக்குமிடத்து மிகுந்த தூண்டுதல் அதனைக் கெடுக்குமென்றும் கண்டனர். 1959 இல் ஈஸ்டர்புறூக் என்பார், கிளர்ச்சி மிகுமிடத்துக் கவனம் குறுகிவிடும் என்று எடுத்துக்காட்டினார். குறுகிய கவனம் எளிய வேலைக்கு உதவலாம். ஆனால் சுக்கான், மிதி, முன்வண்டி, வளைவின் முடிவு ஆகிய யாவற்றையும் ஒருங்கே நோக்கவேண்டியவனுக்கு அதுவே பகை. அஞ்சிய கண் தடுப்புச் சுவரையே பார்க்கும். கண் பார்த்த இடத்துக்குக் கையும் வண்டியைக் கொண்டு செல்லும்.

நம் நாட்டுக்கும் இது புதிதன்று. நுவரெலியாவிலே மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934 இல் தொடங்கியது. சென்னையருகே சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையிலே பல்லாண்டுகள் கார்கள் ஓடின. பின்னர் 1990 இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தடம் எழுந்தது. ஆயினும் மறக்கவொண்ணாத நாள் 2024 ஏப்ரில் 21. அன்று தியத்தலாவையிலே பந்தயத்தின்போது பாதையை விட்டு விலகிய வண்டி மோதியதில் ஏழு பேர் உயிரிழந்தனர். எட்டு வயதுச் சிறுமியொருத்தியும் அவர்களுள் அடங்குவாள். அதற்குப் பதற்றமே காரணம் என்று நான் கூறவில்லை. ஆனால் பந்தயத்தின் கிளர்ச்சி ஓட்டுபவனை மட்டும் பற்றுவதன்று. வேலியருகே நிற்பவனையும் பற்றி, அவன் எச்சரிக்கையை மழுங்கச் செய்கிறது. கனன் வாங்கிலே கண்டதும் அதுவன்றோ?

என் மாணவருக்கு நான் சொன்ன விடை இது: "தம்பி, கை விறைப்பது கோழைத்தனமன்று, உன் உடல் தன் கடமையைச் செய்கிறது. தனியே பழகியது போதாது; நண்பர் நாலுபேர் பார்த்துக்கொண்டிருக்கப் பழகு. ஓடும்போது சுவரைப் பாராதே, வெளியேறும் வழியைப் பார். எவ்வளவு முயன்றும் மனம் அமைதியடையாத நாளிலே வண்டியை நிறுத்திவிட்டு வா."

"நிறுத்தினால் சிரிப்பார்களே, சேர்" என்றார்.

சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் கடல் கொந்தளிக்கும் நாளில் வள்ளத்தைக் கரையிலேற்றி வைக்கும் மீனவனைப் பார்த்து எத்தாளையிலே எவரும் சிரிப்பதில்லை. அவனுடைய வீட்டார் அன்றிரவு நிம்மதியாக உறங்குவர். அந்த மதிப்பைப் பந்தயத் திடலில் நிற்கும் நம் பிள்ளைகளுக்கும் நாம் அளிப்போமாக.