கடன்

திருப்பித் தரவேண்டிய பணத்துக்கும் செய்தே ஆகவேண்டிய செயலுக்கும் தமிழில் ஒரே சொல்: கடன். வங்கிக்கடன், நேர்த்திக்கடன், காலைக்கடன் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. அதன் உறவான 'கடமை' சோழர் கல்வெட்டுகளில் வரியையும் குறித்தது. பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்குத் தருவதையோ பலர் கடனாகப் பார்க்காமல் கொடை என்கிறார்கள். ஹெய்ட்டியின் வரலாற்றைப் படித்தால் அந்தச் சொல் நாவில் எழாது. பிரெஞ்சு அடிமைத்தளையை அறுத்து 1804இல் விடுதலை அறிவித்த அந்நாட்டுக்கு 1825இல் போர்க்கப்பல்களை அனுப்பிய பிரான்ஸ், பழைய தோட்ட முதலாளிகளுக்கு இழப்பீடாக 15 கோடி பிராங்க் கேட்டது. 1838இல் தொகை 9 கோடியாகக் குறைந்தாலும், அதைக் கட்ட வாங்கிய கடன்களின் சுமை 1947 வரை நீண்டது. தாத்தா செய்ததற்குப் பேரன் பொறுப்பா என்று கேட்கலாம். ஹெய்ட்டியின் பேரப்பிள்ளைகள் காப்பி விற்ற காசில் அதைக் கட்டித்தானே தீர்த்தார்கள்! கட்டும் கடன் தலைமுறை தாண்டுமென்றால், வாங்கியதைத் திருப்பும் கடனும் தாண்டும்.