அறிவை ஆராயும் உளவியல்

கீரிமலைச் சைவச் சூழலிற் சித்தாந்தம் பயின்றோர்க்கு அந்தக்கரணங்கள் புதியனவல்ல. மனம் பற்றும், அகங்காரம் யானென எழும், புத்தி நிச்சயிக்கும், சித்தம் சிந்திக்கும். உயிர் இவற்றுள் ஒன்றன்று, இவற்றோடு கூடியே அறியும் என 13ஆம் நூற்றாண்டிலே சிவஞானபோதம் நிறுவிற்று. எனினும், வகுத்தல் வேறு; சோதித்தல் வேறு.

சோதனைமுறை, 1879இல் லைப்சிக் நகரில் வூண்ட் நிறுவிய ஆய்வுகூடத்தால் ஒரு துறையாக வளர்ந்தது. 1916இற் கல்கத்தாவிலும் 1943இற் சென்னையிலும் பல்கலைக்கழகங்கள் உளவியற்றுறையைத் தொடங்கின. இதற்கிடையே, 1913இல் வாட்சன் புறநடத்தையே ஆராயத்தக்கது என்றார்; அமெரிக்க ஆய்வில் மனம் ஒதுக்கப்பட்டது. அதனை மீட்டோருள் ஒருவர் மில்லர். உடனடி நினைவு ஏறத்தாழ ஏழு கூறுகளையே கொள்ளும் என 1956இல் அவர் காட்டினார். 1967இல் நைசரின் நூல் ‘அறிகை உளவியல்’ என்னும் பெயரை நிலைநாட்டிற்று.

முன்னோர் யாவும் அறிந்திருந்தனர் என்பதும், ஏதும் அறிந்திலர் என்பதும் ஒருங்கே பிழையாம். வினா பழையது, விடை காணும் வழியே புதியது.