முகமும் எடையும்: முத்துக்குளித்துறைக் கடற்கரை வணிகமும் குறுகிய கால உரோமப் பேரரசர்களின் காசுகளும்

ஆய்வுச் சுருக்கம்

கி.பி. 68 – 69இல் உரோமை அடுத்தடுத்து ஆண்ட கால்பா, ஓத்தோ, விட்டெல்லியஸ் ஆகியோரின் காசுகள் தமிழகத்தில் கிடைப்பது மிக அரிது. இதற்கு அவர்களது ஆட்சியின் குறுமை மட்டும் காரணமன்று. எடையும் தரமும் கண்டு காசைத் தேர்ந்த வணிக வழக்கமே வெள்ளிக் காசுகளில் முதன்மைக் காரணம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. அரிய காசுகளை மட்டும் பிரித்தெடுக்கும் சேகரிப்பு முறை, புதையலின் காலக்கணிப்பை எவ்வாறு சிதைக்கும் என்பதையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கொற்கை, முத்து வணிகம், உரோமக் காசுகள், நீரோ, புதுக்கோட்டைப் புதையல்.

முன்னுரை

தூத்துக்குடி மாவட்டத்துக் கொற்கையைக் 'கொல்கி' எனக் குறிக்கும் பெரிப்ளூஸ், பாண்டியருக்குரிய அதன் முத்துக்குளித்தலில் தண்டனை பெற்றோர் ஈடுபடுத்தப்பட்டனர் என்கிறது. மேலைக் கடற்கரைத் துறைகளான முசிறிக்கும் நெல்கிந்தாவுக்கும் பெருந்தொகைக் காசு வந்ததையும், அங்கிருந்து முத்துகள் ஏற்றுமதியானதையும் அந்நூலே பதிவுசெய்கிறது. ஆகவே முத்தின் வரலாறும் காசின் வரலாறும் ஒன்றையொன்று சார்ந்தவை. சென்னை அரசு அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மன்னார் வளைகுடா முத்துக்குளித்தல் குறித்து 1890இல் நூல் வெளியிட்டதோடு, அருங்காட்சியகத்தின் உரோமக் காசுகளுக்கு அட்டவணையும் தொகுத்தார்.

எடையே அளவுகோல்

கிளாடியஸ் காலத்தில் காற்றால் இலங்கைக்கு அடித்துச் செல்லப்பட்ட உரோமர் ஒருவரைப் பற்றிப் பிளினி எழுதியுள்ளார். அவரிடமிருந்த டெனாரியஸ் காசுகளில் வெவ்வேறு முகங்கள் இருந்தும் எடை ஒன்றாகவே இருந்தமை கண்டு இலங்கை மன்னன் வியந்தான் என்பது அச்செய்தி. மன்னார் வளைகுடாவின் மறுகரையில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் இந்நிகழ்ச்சியின் உண்மைத்தன்மை எவ்வாறாயினும், காசின் மதிப்பு முகத்தில் இல்லை, எடையில் உள்ளது என்னும் கருத்தை அது தெளிவாக்குகிறது.

அந்த எடை கி.பி. 64இல் மாறியது. உரோம இராத்தல் ஒன்றுக்கு 84 என அடிக்கப்பட்ட டெனாரியஸை நீரோ 96 ஆக்கினார். வெள்ளியின் தூய்மையும் குறைந்தது. தமிழகத்தில் கிடைத்த வெள்ளிக் காசுகளில் பெரும்பகுதி அகஸ்டஸ், திபேரியஸ் ஆகியோருடையவை, அதாவது இம்மாற்றத்திற்கு முந்தியவை. புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த 501 பொற்காசுகளில் மிகப் பலவற்றின் முகத்தில் உளிவெட்டு உள்ளது. பேரரசரின் உருவம் வெட்டப்பட்டது. பொன்னின் எடை எஞ்சியது.

ஆட்சிக் குறுமையும் காசின் அருமையும்

திபேரியஸ் 23 ஆண்டுகளும் காலிகுலா 4 ஆண்டுகளும் ஆண்டனர். காலிகுலாவின் வெள்ளிக் காசுகள் நம் புதையல்களில் மிகக் குறைவாக இருப்பதற்கு அக்காலத்தில் வெள்ளிக் காசு குறைவாக அடிக்கப்பட்டதே காரணமாகலாம். ஓத்தோவின் மூன்று மாத ஆட்சிக்கும் இதே விளக்கத்தைப் பொருத்தலாம் எனத் தோன்றும். ஆனால் அவர்களை அடுத்து வந்த வெஸ்பாசியன் பத்து ஆண்டுகள் ஆண்டு வெள்ளிக் காசுகளைப் பெருமளவில் வெளியிட்டார். அவருடைய வெள்ளிக் காசுகளும் இங்கு அரியனவே. எனவே வெள்ளியைப் பொறுத்தவரை ஆட்சிக்காலத்தின் நீளம் தீர்மானிக்கும் காரணி ஆகாது. நீரோவுக்குப் பிந்தைய எடைகுறைந்த காசு வணிகத்தில் விலக்கப்பட்டதே பொருத்தமான விளக்கம். பொற்காசில் மட்டும் ஆட்சிக் குறுமைக்கும் பங்கு உண்டு எனலாம்.

இக்காலத்தில் முத்தின் மதிப்பு உரோமில் குன்றியதாகத் தெரியவில்லை. விட்டெல்லியஸ் ஜெர்மானியப் பகுதிக்குச் செல்லும் வழிச்செலவுக்காகத் தம் தாயின் காதிலிருந்த முத்தை அடகு வைத்ததாகச் சூட்டோனியஸ் குறிப்பிடுகிறார். ஆகவே கி.பி. 69ஆம் ஆண்டுக் காசுகள் இங்கு இல்லாமையைக் கொண்டு அவ்வாண்டில் கடல் வணிகம் நின்றது என முடிவுகட்ட இயலாது.

சேகரிப்பும் சான்றிழப்பும்

சூட்டோனியஸ் வரலாறு எழுதிய பன்னிரு சீசர்களின் காசுகளையும் முழு வரிசையாகச் சேர்ப்பது சேகரிப்பாளரிடையே நெடுநாளைய வழக்கம். அவ்வரிசையில் ஓத்தோவின் காசு கிடைத்தற்கு அரியது; ஆதலின் விலை மிக்கது. சிக்கல் இங்கேதான் எழுகிறது. ஒரு புதையல் எப்போது புதைக்கப்பட்டது என்பதன் முன்னெல்லையை அதன் கடைசிக் காசே காட்டுகிறது. புதுக்கோட்டைப் புதையலின் கடைசிப் பேரரசர் வெஸ்பாசியன். அவர் காசுகள் மிகச் சிலவே. அச்சிலவற்றை யாரேனும் முன்னரே பிரித்து விற்றிருந்தால், அப்புதையல் நீரோ காலத்ததாகக் கணிக்கப்பட்டிருக்கும். அதைச் சார்ந்து சங்ககால வணிகத்தின் கால வரையறையும் பிழைபட்டிருக்கும்.

பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் விதிக்கிறது. காசு கிடைத்த இடமும் உடன் கிடைத்தவையும் ஆய்வுக்கு எஞ்சுவது இவ்விதி பின்பற்றப்படும் அளவைப் பொறுத்ததே.

முடிவுரை

குறுகிய கால ஆட்சியாளரின் காசுகள் தமிழகத்தில் அரிதாக இருப்பது, தமிழக வணிகர் உரோமின் அரசியலைவிட வெள்ளியின் தரத்தையே கூர்ந்து நோக்கினர் என்பதற்குச் சான்று. ஆயினும் இல்லாமை சான்றாக வேண்டுமெனில் புதையல் முழுமையாகப் பதிவுசெய்யப்பட்டிருக்க வேண்டும். கொற்கைக் கடற்கரையில் இனிக் கிடைக்கும் ஒவ்வொரு காசும், எப்பேரரசருடையது என்பதோடு எங்கு, எவற்றுடன் கிடைத்தது என்பதும் சேர்த்தே பதிவு பெறுதல் இன்றியமையாதது.