ஆங்கிலேயரின் நிமித்த நம்பிக்கைகள் – ஒரு வரலாற்று நோக்கு

நியூட்டனையும் நீராவி இயந்திரத்தையும் உலகுக்கு அளித்த நாடு இங்கிலாந்து. எனினும் அந்நாட்டவர் ஏணியின் கீழ் நடக்கத் தயங்குவதும், உப்புச் சிந்தினால் ஒரு சிட்டிகையை இடத்தோளுக்குப் பின்னால் எறிவதும், மரத்தைத் தொட்டுத் தீங்கை விலக்க முனைவதும் இன்றுங் காணக்கூடியனவே. இவற்றை அறியாமை என்று கூறி ஒதுக்குவது எளிது. இந்நம்பிக்கைகள் எப்பொழுது தோன்றின, யாரிடத்து நிலைபெற்றன, எத்தகைய விளைவுகளுக்கு வழிகோலின என்று வினவும்பொழுதே இவை வரலாற்றாசிரியனுக்கு உரிய பொருளாகின்றன.

கல்வியும் நிமித்த நம்பிக்கையும் ஒன்றையொன்று துரத்திவிடும் என்ற கருத்துப் பரவலானது. சாமுவேல் பீப்ஸ் என்பாரின் நாட்குறிப்பு அக்கருத்துக்கு இடந்தருவதாயில்லை. கடற்படை நிருவாகத்தில் உயர்பதவி வகித்த இவர், 1664 டிசெம்பர் 31ஆந் திகதி, தமது உடல்நலம் சீராயிருந்தமைக்குக் காரணந் தேடுகின்றார். உடன் கொண்டுதிரிந்த முயற்காலா, காலைதோறும் உட்கொண்ட டேர்பென்டைன் குளிகையா, நீளங்கி அணிவதைக் கைவிட்டமையா என்று அவரால் துணிய முடியவில்லை. அடுத்த மாதம் நண்பர் ஒருவர் அம்முயற்காலில் மூட்டு இல்லாமையே குறை என்று எடுத்துக்காட்டுகின்றார். நண்பரின் முயற்காலைத் தொட்ட சிறிது நேரத்திலேயே பீப்ஸின் வயிற்று உபாதை தணிகின்றது. கற்பனை ஆற்றும் விந்தையை வியந்துகொண்டே, வீடு திரும்பும் வழியில் அவர் முயலொன்றை வாங்கிச் செல்கின்றார்! இது நிகழ்ந்து ஒரு மாதம் கழியுமுன், 1665 பெப்ரவரியில், அவர் றோயல் சங்கத்தின் உறுப்பினராகத் தெரிவுசெய்யப்பட்டார். பின்னர் அதன் தலைவருமானார். 1687இல் வெளிவந்த நியூட்டனின் ‘பிரின்சிப்பியா’ நூலின் முகப்பில், அச்சிடுதற்கு அனுமதி வழங்கியவர் என்ற வகையில், அவர் பெயரே பொறிக்கப்பட்டுள்ளது.

இந்நம்பிக்கைகளின் தொன்மை பற்றியும் தெளிவு வேண்டும். 1871இல் எட்வேட் டைலர் ‘எச்சங்கள்’ என்னுங் கோட்பாட்டை முன்வைத்தார். 1878இல் இலண்டனில் நாட்டாரியற் சங்கம் நிறுவப்பட்டது. இக்காலத்து ஆய்வாளர் பலர் ஒவ்வொரு வழக்கிலும் கிறித்தவத்துக்கு முற்பட்ட சமயத்தின் சுவட்டைக் கண்டனர். மரத்தைத் தொடுதல் பண்டைய துரூயிதரின் மரவழிபாட்டிலிருந்து வந்தது என்பது அவ்வாறான ஒரு கூற்று. கேட்பதற்கு இனியது, சான்றுதான் இல்லை. அவ்வழக்குப் பற்றிய ஆங்கிலக் குறிப்புகள் 19ஆம் நூற்றாண்டுக்கு முன் செல்வதில்லை. ஏணியின் கீழ் நடப்பவருக்கு அவ்வாண்டில் திருமணம் நிகழாது போகலாம் என்ற நம்பிக்கை, 1787இல் பிரான்சிஸ் குறோஸ் தொகுத்த நூலிற் காணப்படுகின்றது. கண்ணாடி உடைந்தால் வீட்டில் ஒருவர் இறப்பார் என்பதே அந்நூல் தருஞ் செய்தி. ஏழாண்டுத் தீயூழ் என்பது பின்னைய சேர்க்கை. வெள்ளிக்கிழமை மீதான அச்சம் இடைக்காலத்தது. பதின்மூவர் ஒரு மேசையில் அமர்தலாகாது என்பது 17ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் வெளிப்படுகின்றது. இவ்விரண்டும் இணைந்த ‘13ஆந் திகதி வெள்ளிக்கிழமை’ அண்மைக்காலத்துப் படைப்பேயாகும். மாறாக, குதிரை இலாடம் உண்மையிலேயே பழையது. இலண்டனின் மேற்குப் பகுதியிலே பெரும்பாலான வீட்டு வாயில்களில் இலாடம் அடிக்கப்பட்டிருந்ததாக ஜோன் ஓப்ரி 1696இல் எழுதியுள்ளார்.

அவ்விலாடம் சூனியக்காரியை வாயிலில் தடுத்து நிறுத்துதற்கென அடிக்கப்பட்டது. இங்கேதான் நிமித்த நம்பிக்கை வேடிக்கை என்ற எல்லையைக் கடக்கின்றது. தீயூழுக்கு ஒரு மனிதப் பிறவியைப் பொறுப்பாக்கும் மனப்பான்மை அக்காலச் சமூகத்தில் வேரூன்றியிருந்தது. 1736ஆம் ஆண்டுச் சட்டம் சூனியத்தை ஒரு குற்றமாகக் கருதுவதைக் கைவிட்டு, அத்தகைய ஆற்றல் தமக்குண்டு எனப் பாசாங்கு செய்வோரையே தண்டித்தது. சட்டம் மாறிற்று; ஊர் மாறவில்லை. ஹேர்ட்போர்ட்ஷயரில் ட்ரிங் என்னும் ஊருக்கு அண்மையில் வாழ்ந்த ரூத் ஒஸ்போர்ன் என்ற வறிய மூதாட்டி ஒரு பண்ணையாரிடம் மோர் கேட்டார். அவர் மறுத்துவிட்டார். பின்பு அவருடைய கன்றுகள் நோயுற்றன. அவருக்கும் வலிப்புக் கண்டது. பழி மூதாட்டி மீது விழுந்தது. 1751 ஏப்பிரலில், அவரும் கணவரும் நீரில் அமிழ்த்திச் சோதிக்கப்படுவர் என்று அயலூர்ச் சந்தைகளிற் பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. திரண்ட பெருங்கூட்டத்தின் முன் அவ்வறிவித்தல் நிறைவேற்றப்பட்டது. மூதாட்டி உயிர் துறந்தார். முன்னின்று நடத்திய தோமஸ் கொலி, காட்சி காட்டியமைக்காகக் கூட்டத்தினரிடம் பணமும் சேகரித்தான். அவ்வாண்டு ஓகஸ்டில் அவன் குதிரைப்படைக் காவலுடன் கொண்டுவரப்பட்டுத் தூக்கிலிடப்பட்டபொழுது, ஊரவர் தொலைவில் நின்று அவனுக்காகவே முணுமுணுத்தனர்.

கீத் தோமஸ் 1971இல் வெளியிட்ட பேராய்வு இத்தகைய நிகழ்ச்சிகளின் உட்பொருளைத் துலக்குகின்றது. ஈகை கிராமத்தின் கடமையாயிருந்த நிலை தளர்ந்த காலத்திலே, இரந்தவரை வெறுங்கையுடன் அனுப்பியவனின் குற்றவுணர்வே பின்னர் குற்றச்சாட்டாக உருமாறிற்று என்பது அவர் கருத்து. ஒஸ்போர்ன் கேட்ட மோர் இதற்கு எடுத்துக்காட்டாக அமைகின்றது. இவ்வகையில் நோக்கின், தீயூழை ஏணிக்கும் உப்புக்கும் எண்ணுக்கும் உரியதாக்கிய பிற்கால வழக்கு அறிவுக்கு ஒவ்வாததாயினும், அதனால் எந்த மூதாட்டியும் குளத்திற் கிடந்து மாளவில்லை.

ஆபத்து மிகுந்த தொழில்களில் இந்நம்பிக்கைகள் செறிந்து காணப்படுவதும் இயல்பே. வடகிழக்குக் கரையோர மீனவர் பன்றியின் பெயரைக் கடலில் உச்சரிப்பதில்லை. சில குழந்தைகள் பிறக்கும்பொழுது தலையை மூடியிருக்கும் மென்சவ்வு, நீரில் மூழ்காது காக்கும் என்று நம்பி, மாலுமிகள் அதனை விலைகொடுத்து வாங்கினர்; பத்திரிகைகளில் விளம்பரங்களும் வெளிவந்தன. முதலாம் உலகப்போரில் ஜேர்மானிய நீர்மூழ்கிகள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும் அதற்கான கேள்வி உயர்ந்தது. வங்கி ஊழியரான எட்வேட் லவெற் இலண்டன் ஏழைத் தெருக்களில் அலைந்து இத்தகைய தாயத்துகளைத் திரட்டினார். நெஞ்சுச் சளி அணுகாதிருக்கக் குழந்தைகளின் கழுத்தில் அணிவிக்கப்பட்ட நீலமணி மாலைகளும் அவற்றுள் அடங்கும். மருத்துவருக்குக் கொடுக்கப் பணமில்லாத வீடுகளிலே ஒரு மணிமாலை வாங்குவது எளிதாயிருந்தது.

செல்வரும் இதற்கு விலக்கல்லர். 1898இல் வூல்ஃப் ஜோயல் என்னும் தென்னாபிரிக்கச் சுரங்க முதலாளி இலண்டன் சவோய் ஹொட்டேலில் அளித்த விருந்தில், ஒருவர் வராதமையாற் பதின்மூவரே அமர்ந்தனர் என்பர். முதலில் எழுபவர் இறப்பார் என்று ஒருவர் எச்சரிக்க, ஜோயல் அதனைப் பொருட்படுத்தாது எழுந்தாராம். சில வாரங்களில் அவர் ஜொஹனஸ்பேர்க்கிற் சுட்டுக்கொல்லப்பட்டார். பணங்கேட்டு மிரட்டிய ஒருவரோடு ஏற்பட்ட தகராறே அதற்குக் காரணம்; ஆயினும் ஹொட்டேல் அதனை எண்ணின் மீதே ஏற்றியது. பதின்மூவர் விருந்துக்கு வந்தால் ஊழியர் ஒருவரைப் பதினான்காமவராக அமர்த்தும் வழக்கம் உண்டாயிற்று. அந்நியர் ஒருவர் அருகிருந்து உரையாடலைக் கேட்பதை விருந்தினர் விரும்பாமையால், 1920களின் பிற்பகுதியில் பசில் அயனைட்ஸ் என்னும் கலைஞர் பூனையுருவொன்றைச் செதுக்கிக் கொடுத்தார். ஆங்கிலேயர் கறுப்புப் பூனையை நற்சகுனமாகக் கொள்பவர். இதுவும் கறுப்புப் பூனையே. அதன் கழுத்தில் துவாலை கட்டி, ஏனையோருக்குப் போலவே ஒவ்வொரு வகை உணவையும் அதன் முன் வைத்து எடுப்பர்.