விடியாத ஊரில் ஒரு ரன்வே

டிக்கெட் தேடுற ஆப்ல ஒய்ஆர்பி-னு அடிச்சா ரெசொல்யூட் பே-னு ஒரு ஏர்போர்ட் வரும். கனடாவோட வடக்குல, ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி ரொம்ப மேல. நவம்பர் தொடக்கத்துல மறையுற சூரியன் பிப்ரவரியிலதான் திரும்ப எட்டிப் பார்க்கும். இனுவிட் மக்கள் வெச்ச பேரே ‘விடியல் இல்லாத இடம்’னுதான் அர்த்தம்.

பொதுவா ஊர் இருக்கும், அப்புறம் ஏர்போர்ட் வரும். இங்க உல்டா. 1947ல கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து ஒரு வானிலை நிலையம் கட்டக் கிளம்பினாங்க. போக நினைச்சது மெல்வில் தீவுக்கு. பனி வழிமறிச்சதால சாமானெல்லாம் இங்க இறக்கிட்டாங்க. நாம டெம்ப்ரரினு போடுற கோடு வருஷக்கணக்கா ஓடுமே, அதே கதை! 1949ல கனடா விமானப்படைத் தளமும் வந்துடுச்சு.

மக்கள் வந்தது 1953ல. வந்தாங்கனு சொல்றதே தப்பு, கொண்டுவந்தாங்க. சுமார் 2,000 கிலோமீட்டர் தெற்கே இருந்த இனுக்ஜுவாக்லேர்ந்து இனுவிட் குடும்பங்களை அரசு கப்பல்ல ஏத்துச்சு. வேட்டை நல்லா கிடைக்கும், பிடிக்கலைன்னா ரெண்டு வருஷத்துல திரும்பிடலாம்னு வாக்கு கொடுத்தாங்க. பாதிப் பேரை ரெசொல்யூட்லயும் மீதிப் பேரை கிரைஸ் ஃபியோர்ட்லயும் இறக்கப்போறாங்கனு கப்பல்லதான் தெரிஞ்சுது. சொந்தக்காரங்க பிரிஞ்சாங்க.

முதல் குளிர்காலம் கூடாரத்துல. சில கிலோமீட்டர் தள்ளி ஹீட்டரோட ராணுவத் தளம். ஆனா அங்க போகக் கூடாதுனு போலீஸ் தடை. தளத்துக் குப்பைமேட்டுல கிடைச்ச பலகையிலதான் வீடு கட்டினாங்க, அங்க வீசின சாப்பாட்டையும் எடுத்தாங்க. எனக்கு இந்த இடத்துல ஸ்கிரிப்ட் எழுதுறதை நிறுத்திட்டு ஒரு வாக் போய்ட்டு வர வேண்டியிருந்துச்சு.

அந்த ரெண்டு வருஷ வாக்கு காப்பாத்தப்படல. பனிப்போர் நேரத்துல ‘இந்த நிலம் எங்களுது’னு காட்ட மனுஷங்களைக் கொடிக்கம்பமா நட்டாங்கங்கிறது அந்த மக்களோட குற்றச்சாட்டு. வேட்டைக்காகத்தான்னு அரசு ரொம்ப நாள் சாதிச்சுது. வெறும் வேட்டைதான் காரணம்னா, ஏற்கெனவே ராணுவம் இருந்த இடத்துக்குப் பக்கத்துலயே ஏன் இறக்கணும்? என்னால நம்ப முடியல. 2010 ஆகஸ்ட் 18ல அரசு அதிகாரபூர்வமா மன்னிப்பு கேட்டுச்சு.

அதே வருஷம் ரெண்டு ஊர்லயும் சிலை வெச்சாங்க. ரெசொல்யூட்ல தனியா ஒரு ஆண், கிரைஸ் ஃபியோர்ட் இருக்கிற திசையைப் பார்த்து நிக்கிறார். அங்க ஒரு பெண், பக்கத்துல ஒரு பையன், ஒரு நாய். அந்தப் பெண் பார்க்கிறது ரெசொல்யூட் பக்கம்.