இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு

நாட்டில் வாழும் ஒவ்வொருவரையும் பத்தாண்டுக்கு ஒருமுறை வீடு தேடிச் சென்று எண்ணும் அரசுப் பணி. 1872-இல் முடிந்த முதல் கணக்கு, மாகாணத்துக்கு ஒரு காலமாகச் சிதறி எடுக்கப்பட்டது. நாடு தழுவி ஒரே நேரத்தில் எடுத்த முதல் கணக்கு 1881 பிப்ரவரி 17-ஆம் நாளுக்குரியது. அதன்பின் 2011 வரை, உலகப் போருக்கு நடுவே வந்த 1941-இலும்கூட, ஒரு முறையும் தவறவில்லை.

1931 வரை ஓர் இரவுக் கணக்குதான். முன்கூட்டியே நிரப்பிய படிவங்களோடு, குறித்த இரவில் யார் எங்கே தங்கியிருக்கிறார்கள் என்று சரிபார்த்தார்கள். 1901-இல் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ரிஸ்லி சாதிகளைச் சமூகப் படிநிலைப்படி வரிசைப்படுத்த முயன்றார். தங்களை மேலே வைக்கக் கோரிச் சாதிச் சங்கங்கள் மனுக்களைக் குவித்தன. எண்ண வந்த அரசே ஏற்றத்தாழ்வுக்கு முத்திரை குத்தியது, இந்தக் கணக்கின் வரலாற்றில் அழியாத கறை. எல்லாச் சாதிகளின் எண்ணிக்கையும் முழுமையாக வெளியானது 1931-இல்தான். மண்டல் ஆணையம் 1980-இல் பிற்படுத்தப்பட்டோர் 52 விழுக்காடு என்று மதிப்பிட்டதும் அந்தப் பழைய கணக்கை வைத்தே.

விடுதலைக்குப் பின் 1948-ஆம் ஆண்டுச் சட்டம் இப்பணிக்கு அடித்தளமானது. அதன் 15-ஆம் பிரிவின்படி, தனிமனிதர் சொன்ன விவரத்தை எவரும் பார்வையிடக் கோர முடியாது. சொல்பவரின் துணிவுக்கு இந்த ஏற்பாடே பாதுகாப்பு.

2011-இல் ஏறத்தாழ 27 லட்சம் பேர் களமிறங்கினர். பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும். முந்தைய ஆண்டே வீடுகளைப் பட்டியலிட்டு, கழிப்பறை, குடிநீர், விளக்கு, அடுப்பு பற்றிக் கேட்டாயிற்று. பிப்ரவரி 9 முதல் 28 வரை ஆள்கணக்கு. கடைசி நாள் இரவில் நடைபாதையிலும் ரயில் நிலையத்திலும் உறங்குவோரை எண்ணினார்கள். மார்ச் 1 முதல் 5 வரை மீண்டும் வீடுகளுக்குப் போய், இடையில் நேர்ந்த பிறப்பையும் இறப்பையும் சேர்த்துத் திருத்தினார்கள். மொத்தம் 121 கோடி. பிறகு நடந்த மாதிரிச் சோதனை, ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டதாகக் காட்டியது.

மாதிரி ஆய்வுகள் மாநில, மாவட்ட அளவில் பேசும். ஒவ்வொரு கிராமத்துக்கும் எண் தருவது இந்தக் கணக்கு மட்டுமே. மாவட்டக் கையேடுகளையும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அட்டவணைகளையும் ஆய்வாளர், செய்தியாளர், ஊராட்சித் தலைவர் என யாரும் எடுத்தாளலாம். எடுத்துக்காட்டாக, 1991-இல் ஆறு வயது வரையுள்ள ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் 948 பெண் குழந்தைகள் இருந்தனர். சேலம் மாவட்டத்தில் 849 பேரே. பெண் சிசுக்கொலை எங்கோ அரிதாக நடப்பது என்று இனி யாரும் ஒதுக்கிவிட முடியாதபடி அந்த எண் நின்றது. வளர்க்க விரும்பாத பெண் குழந்தையை அரசிடம் ஒப்படைக்க வழிசெய்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில்தான் தொடங்கியது.

2021-இல் வரவேண்டிய கணக்கெடுப்பைக் கொரோனா நிறுத்தியது. பின்னர் அது ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. இதன் சுமை ஏழைகள்மேல் விழுந்தது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஊர்ப்புறத்தில் 75 விழுக்காட்டினருக்கும் நகர்ப்புறத்தில் 50 விழுக்காட்டினருக்கும் மானிய தானியம் தருகிறது. ஆனால் எத்தனை பேர் என்ற வரம்பு 2011 கணக்கிலேயே உறைந்துபோனது. மக்கள்தொகை கூடியும் வரம்பு கூடவில்லை.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 ஆதார நாள் என்று 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது. விவரங்களைக் கைப்பேசிச் செயலியில் பதிவுசெய்வார்கள், மக்கள் தாமே இணையத்தில் நிரப்பவும் வழி உண்டு, சாதியும் கேட்கப்படும் என்பது ஏற்பாடு. தமிழ்நாடு இதைக் கவலையோடு எதிர்நோக்கக் காரணம் இருக்கிறது. மக்களவை இடங்கள் மக்கள்தொகைப்படி பங்கிடப்படுவதால், 1961 கணக்கின்படி அதன் இடங்கள் 41-இலிருந்து 39 ஆகக் குறைந்தன. மாநிலங்களுக்கிடையிலான இடப் பங்கீடு 1971 கணக்கோடு நிறுத்தப்பட்டது, குடும்பக் கட்டுப்பாட்டில் முந்திய மாநிலங்கள் அதற்காக இழப்படையக் கூடாது என்பதற்காக. 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கு வெளியாகும் வரைதான் அந்தத் தடைக்கு ஆயுள்.