இல்லாத காலில் வலி

இந்த எபிசோடை எங்க பெரியப்பாவுல இருந்து ஆரம்பிக்கிறேன். லாரி ஏறினதுல அவருக்கு வலது காலை முழங்காலுக்கு மேல எடுத்துட்டாங்க. அதுக்கப்புறமும் ராத்திரியில எழுந்து உட்கார்ந்து, "கட்டை விரல் நசுங்குதுடா"ன்னு சொல்வார். சின்னப் பசங்க நாங்க சிரிப்போம். பெரியவங்க "எல்லாம் பிரமை"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. கொஞ்ச நாள்ல அவர் சொல்றதையே நிறுத்திட்டார். வலி போயிடுச்சுன்னு நாங்களே முடிவு பண்ணிக்கிட்டோம்.

இந்த வலிக்கு வரலாறு உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போர்ல காயம்பட்ட சிப்பாய்களுக்கு ஃபிலடெல்ஃபியாவில் சிகிச்சை பார்த்தவர் சைலஸ் வியர் மிட்செல். இதைப் பத்தி அவர் பொதுமக்களுக்கு முதலில் எழுதியது கட்டுரை இல்ல, ஒரு சிறுகதை! 1866-ல 'அட்லாண்டிக் மந்த்லி' இதழில் பேர் போடாமல் வந்தது. அதுல ஒரு சிப்பாய் மயக்கம் தெளிஞ்சு, கெண்டைக்கால் இழுக்குது, தேய்ச்சு விடுன்னு உதவியாளரைக் கேட்கிறான். போர்வையை விலக்கிப் பார்த்தா ரெண்டு காலுமே இல்லை. வாசகர்கள் அதை நிஜம்னு நம்பி, அந்தக் கற்பனைச் சிப்பாய்க்கு நன்கொடை அனுப்பியிருக்காங்க! 1871-ல மிட்செல் இதுக்கு 'மாய உறுப்பு'ன்னு பொருள் வர்ற பேரை வெச்சார். அவர் பார்த்த 90 பேர்ல 4 பேருக்கு மட்டும்தான் அந்த உணர்வு இல்லை.

அப்புறம் ஒரு நூற்றாண்டு தாண்டி, 1990-ல கனடாவின் ஜோயல் காட்ஸும் ரொனால்ட் மெல்சாக்கும் ஒண்ணு கவனிச்சாங்க: பலருக்கு, உறுப்பை எடுக்கிறதுக்கு முன்னாடி எப்படி வலிச்சதோ, அதே மாதிரிதான் பின்னாடியும் வலிக்குது. இதைப் படிச்சப்போ எனக்கு அந்தக் கட்டை விரல்தான் ஞாபகம் வந்தது.

வலி ஒரு நினைவா தங்கியிருக்குன்னா, நினைவுக்கே வைத்தியம் பார்க்கலாமே? இங்கதான் ஃபிரான்சின் ஷபீரோ வர்றாங்க. 1987-ல கலிஃபோர்னியாவில் ஒரு பூங்காவில் நடக்கும்போது, கண்கள் இடமும் வலமும் வேகமா அசைய, தொந்தரவான எண்ணங்களோட வீரியம் குறையுறதை அவங்க கவனிச்சாங்க. அதிலிருந்து பிறந்ததுதான் இ.எம்.டி.ஆர். சிகிச்சை. பழைய சம்பவத்தை மனசுல வெச்சுக்கிட்டே, சிகிச்சையாளரின் விரல் அசைவைக் கண்ணால தொடரணும். 1989-ல 22 பேரை வெச்சு முதல் ஆய்வு வந்தது.

2008-ல ஷபீரோவும் மூன்று சக ஆய்வாளர்களும் மாய உறுப்பு வலி இருந்த 5 பேரின் கதையை வெளியிட்டாங்க. 3 முதல் 15 அமர்வுகள். விபத்தின் நினைவுக்கும் வைத்தியம், வலிக்கும் வைத்தியம். வலி நல்லாவே குறைஞ்சது, சிலருக்கு நின்னே போச்சு.

வெறும் 5 பேர்தான், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. அதனால நான் இதைத் தீர்வுன்னு சொல்ல மாட்டேன். உலக சுகாதார நிறுவனம் 2013-ல இந்த முறையைப் பரிந்துரைச்சதும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலக் கோளாறுக்குத்தான். கண் அசைவு உண்மையிலேயே தேவையான்னும் சண்டை நடக்குது. நினைவை எதிர்கொள்றதே போதும்னு ஒரு தரப்பு. கண் அசைவு மூளையின் கவனத்தைப் பங்கு போட்டுக்கிறதால நினைவு மங்குதுன்னு இன்னொரு தரப்பு. எனக்கு ரெண்டாவது நம்புற மாதிரி இருக்கு. யூடியூப் பார்த்து வீட்டுல முயற்சி பண்ணாதீங்க. நினைவு கிளறிவிட்டுட்டா அடக்க ஆள் வேணும்.

ரெண்டு தரப்புக்கும் பொதுவா ஒண்ணு இருக்கு. சிகிச்சை அந்த விபத்து நாள்ல இருந்துதான் தொடங்குது. எங்க வீட்டுல அந்த லாரி நாளைப் பத்திப் பெரியப்பாகிட்ட யாருமே கேட்டதில்லை.